தோப்புக்கு வந்த குவாட் பைக்: பார்க்க வேண்டியதும் மாற்றக் கூடாததும்

ஆனைமலைப் பக்கமிருந்து தென்னை விவசாயி ஒருவர் மூன்று கேள்விகள் அனுப்பியிருக்கிறார். 14 ஏக்கர் தோப்பு. கோவையில் வேலை பார்க்கும் மகன், புத்தம் புதிய ஸ்போர்ட் குவாட் பைக் ஒன்றைப் போன மாதம் தோப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஐந்து கியர், செயின் டிரைவ், வண்டியின் எடை 190 கிலோ. ஓட்டத் தொடங்குமுன் என்னென்ன சோதிக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. பின்னால் கேரியர் அடித்து, 100 லிட்டர் டேங்கும் பவர் ஸ்பிரேயரும் வைத்து மருந்தடிக்கலாமா, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்து தருவதாகச் சொல்கிறார்களே என்பது இரண்டாவது. கொப்பரைக் களம் வரை ரோட்டில் ஓட்டலாமா என்பது மூன்றாவது.

கடிதத்தின் கடைசியில் கேள்வியாக இல்லாமல் ஒரு வரி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வயதுப் பேரனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வாய்க்கால் கரைச் சரிவில் திரும்பும்போது, வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பி, பிறகு தானாக இறங்கிவிட்டதாம். ‘வண்டியில் ஏதும் குறை இருக்குமோ’ என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அந்த வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியில் குறை இல்லாமலே அப்படி எழும்பும். அந்த வண்டியின் அமைப்பே அப்படி. பேரனை இனி அதில் ஏற்றக் கூடாது, முன்னாலும் சரி, பின்னாலும் சரி. பெரியவர்களுக்கான குவாட் பைக்கின் ஃபெண்டரில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஓட்டக் கூடாது என்றும், கூட ஆள் ஏற்றக் கூடாது என்றும் படத்துடன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒட்டப்படாமல் வந்திருந்தால் கையேட்டில் இருக்கும். சட்டத்துக்குப் பயந்து ஒட்டிய காகிதம் என்று அதை நினைத்துவிடக் கூடாது.

இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். 1970-ல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் பலூன் டயர் போட்ட மூன்று சக்கர வண்டியை விற்கத் தொடங்கியது. அது கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால், 1988-ல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அங்கே நின்றது. அதற்குள் சுசுகி நான்கு சக்கரத்துக்கு வந்துவிட்டது. 1985-ல் அது கொண்டுவந்த எல்.டி.250ஆர், பந்தயத்துக்கென்றே செய்த வண்டி. இன்றைய ஸ்போர்ட் குவாட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பண்ணை வேலைக்கான யூட்டிலிட்டி குவாட் தனி வகை. அதில் முன்னும் பின்னும் கம்பி ரேக், இழுவைக் கொக்கி, லோ கியர், பெரும்பாலும் நான்கு சக்கர இழுவை இருக்கும். ஆனைமலை வாசகரின் தோப்பில் நிற்பது பந்தய வகை. உழவு மாட்டுக்குப் பதிலாக ரேக்ளா மாடு வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். ஸ்போர்ட் குவாட்டின் பின் ஆக்சில் ஒரே கம்பி. டிஃபரன்ஷியல் கிடையாது. டிஃபரன்ஷியல் லாக் போட்டபடியே எந்நேரமும் ஓடும் டிராக்டர் மாதிரிதான். லாக் போட்ட டிராக்டரைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் அது நேராகவே போகப் பார்க்கும். குவாட்டை ஓட்டுபவர் சீட்டில் முன்னே நகர்ந்து, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்மிதியில் அழுத்தம் கொடுத்தால்தான் உள்பக்கப் பின்சக்கரம் லேசாக வழுக்கி, வண்டி ஒழுங்காகத் திரும்பும். ஏற்றத்தில் முன்னே குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னே போக வேண்டும், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். அந்த நீளமான சீட்டு அதற்காகத்தான். நம் ஊரில் நீளமான சீட்டைப் பார்த்ததும் இரண்டு பேர் உட்காரலாம் என்று தோன்றுவது இயல்பு. புல்லட் முதல் ஸ்கூட்டி வரை அப்படித்தான் பழகியிருக்கிறோம். இங்கே முன்னால் ஒரு குழந்தை உட்கார்ந்தால் ஓட்டுபவர் முன்னே நகர முடியாது, சாயவும் முடியாது. வாய்க்கால் கரையில் நடந்தது அதுதான்.

இனி முதல் கேள்வி. புது வண்டிதானே, கம்பெனி பார்த்துத்தானே அனுப்பியிருப்பான் என்று விட்டுவிடக் கூடாது. குவாட் பைக் பெரும்பாலும் பாதி பிரித்த நிலையில் பெட்டியில் வருகிறது. சக்கரம், ஹேண்டில்பார், பேட்டரி எல்லாவற்றையும் விற்பவரின் ஆட்கள்தான் மாட்டுகிறார்கள். விலை குறைந்த இறக்குமதி வண்டிகளில் இந்த வேலை எவ்வளவு அவசரத்தில் நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கையேட்டையும் டார்க் ஸ்பேனரையும் வைத்துக்கொண்டு அரை நாள் செலவழிப்பது நல்லது. டார்க் ஸ்பேனர் இல்லாவிட்டால் டூவீலர் மெக்கானிக் ஒருவரைத் தோப்புக்கே வரச் சொல்லலாம்.

முதலில் சக்கரங்கள். வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாகவும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தமோ ஆட்டமோ இருந்தால் பேரிங், பால் ஜாயின்ட், டை ராடு மூன்றில் ஒன்று. வீல் நட்டின் கூம்பு வடிவ முனை ரிம் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருப்பதும் உண்டு. பின் ஆக்சில் முனையில் உள்ள பெரிய நட்டும் அதன் கோட்டர் பின்னும் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். சில மணி நேரம் ஓட்டிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி முறுக்க வேண்டும். புது ரிம்மும் பெயிண்டும் அமுங்கி இடம் கொடுக்கும், நட்டு தளரும்.

அடுத்து காற்று. இங்கேதான் நம் ஊரில் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பஞ்சர் கடையில் டூவீலருக்கு அடிக்கிற 28, 30 பிஎஸ்ஐ-யை இதற்கும் அடித்துவிடுகிறார்கள். ஸ்போர்ட் குவாட் டயருக்குப் பெரும்பாலும் 4, 5 பிஎஸ்ஐ அளவுதான். சரியான எண் டயரிலோ ஃபெண்டர் ஸ்டிக்கரிலோ இருக்கும். கார் டயர் மீட்டரில் இந்த அளவை நம்பிப் படிக்க முடியாது. 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் சிறிய மீட்டர் ஒன்று தனியாக வேண்டும். காற்று கூடினால் டயர் பந்து மாதிரி துள்ளும். இரண்டு பின் டயரிலும் ஒரே காற்று இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஒரு நூலை டயரின் நடுச்சுற்றில் சுற்றி இரண்டையும் அளந்து பார்க்கலாம். ஒரே ஆக்சிலில் ஒரு டயர் பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி நேராக ஓடாது.

முன் சக்கரங்களின் நேர்மையையும் நூல் வைத்தே பார்க்கலாம். ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஆக்சில் உயரத்தில் இரண்டு முன் டயர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளக்க வேண்டும். முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருப்பது வழக்கம். எவ்வளவு என்று கையேடு சொல்லும். முன்பக்கம் அகன்றிருந்தால் வண்டி அலைபாயும்.

இன்ஜினை ஓடவிட்டு, கியர் போடாமல், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஒடிக்கும்போது இன்ஜின் வேகம் கூடினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். வளைவில் திரும்பும்போது தானாக வேகம் எடுக்கிற வண்டி எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கட்டைவிரல் லீவரை முழுவதும் அழுத்தி விட்டால் அது பட்டென்று தானாகத் திரும்ப வேண்டும். அதேபோல் ஒடித்த நிலையில் பிரேக் ஹோஸ் டயரிலோ சஸ்பென்ஷன் கையிலோ உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

செயின் தொய்வை கையேட்டின் அளவுக்கு வைக்க வேண்டும். தளர்வாக இருப்பதை விட இறுக்கமாக இருப்பது இந்த வண்டியில் பெரிய கேடு. ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகிப் பின் பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் அளவைப் பார்த்து, ஈரக் கிளச்சுக்கு ஏற்ற ‘ஜாசோ எம்.ஏ.’ முத்திரை உள்ள டூவீலர் ஆயிலையே ஊற்ற வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்றினால் கிளச் வழுக்கும். சீட்டுக்கு அடியில் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகையாக இருந்தால் அதற்கென்று உள்ள எண்ணெயில் நனைத்திருக்க வேண்டும். காய்ந்த ஸ்பாஞ்ச் வழியாகத் தோப்பு மண் நேராக சிலிண்டருக்குப் போகும். முன் சஸ்பென்ஷன் கைகளின் வெல்டிங் ஓரங்களில் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. இது மாதம் ஒருமுறை தொடர வேண்டிய வேலை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். டேங்க் வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

பெரிய கம்பெனிகளின் ஸ்போர்ட் குவாட் கையேடுகளில் வண்டி தாங்கும் மொத்தப் பாரம் 100 கிலோ அளவில்தான் இருக்கிறது. இதில் ஓட்டுபவரின் எடையும் சேர்த்தி. 70 கிலோ எடையுள்ளவர் ஏறி உட்கார்ந்தால் மிச்சம் 30 கிலோ. 100 லிட்டர் தண்ணீரும் டேங்கும் ஸ்டாண்டும் சேர்ந்து 115 கிலோ ஆகும். பாரம் கூடுவது ஒரு பக்கம். அது எங்கே உட்காருகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், உட்கார்ந்திருப்பவரின் எடை மையம் 100 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்த மையம் சுமார் 60 செ.மீ. வரும். இடது வலது டயர்களின் நடுவுக்கு நடு 92 செ.மீ. என்றால், அசையாமல் நிற்கும் வண்டி சுமார் 37 டிகிரி பக்கச் சரிவு வரை தாங்கும். அதே வண்டியில் 115 கிலோ டேங்கை 100 செ.மீ. உயரத்தில் ஏற்றினால் மையம் 72 செ.மீ.க்குப் போகிறது, தாங்கும் சரிவு சுமார் 32 டிகிரியாகக் குறைகிறது. ஐந்து டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் இது நிற்கிற வண்டிக்கு, கெட்டியான டயருக்கு, ஆடாத தண்ணீருக்குப் போட்ட கணக்கு. தென்னைக்கு 25 அடி இடைவெளி விட்ட தோப்பில் ஒரு மரத்தைச் சுற்றி 5 மீட்டர் ஆரத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், சமதளத்திலேயே அது சுமார் 32 டிகிரி சரிவில் நிற்பதற்குச் சமம். சக்கரம் வழுக்காமல் மண்ணைப் பிடித்துக்கொண்டால் டேங்க் வைத்த வண்டி அப்போதே கவிழும் எல்லையில் இருக்கிறது. அதில் பாதி காலியான டேங்கின் தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும். மென்மையான டயர் அந்தப் பக்கம் அமுங்கும். வட்டப்பாத்தி வரப்பு ஒன்று உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கிக் கொடுக்கும்.

முன்னும் பின்னுமாகப் பார்த்தாலும் இதே கதைதான். கேரியர் பின் ஆக்சிலுக்கு ஓரடி பின்னால் தள்ளி நிற்கும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 128 செ.மீ. தூரம் என்று வைத்தால், அந்த 115 கிலோ முன் சக்கரத்தின் பாரத்தில் சுமார் 27 கிலோவைத் தூக்கிவிடுகிறது. வாய்க்கால் கரையில் ஏறும்போது முன்பக்கம் எழும்பி, வண்டி ஓட்டுபவரின் மேலேயே மல்லாந்துவிடும்.

கவிழ்ந்தால் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு போகலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். குவாட் கவிழும்போது பெரும்பாலும் ஆளை எறிவதில்லை, அடியில் வைத்து அழுத்துகிறது. 190 கிலோ மார்பின் மேல் கிடந்தால் எலும்பு உடையாமலே மூச்சு நின்றுபோகும். தோப்பில் தனியாக இருப்பவரைத் தூக்கிவிட ஆள் வரும்வரை அந்த மூச்சு காத்திருக்காது.

பண்ணைக்குப் பண்ணை குவாட் ஓடுகிற ஆஸ்திரேலியாவில் இந்த வண்டியால் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இறந்ததைப் பார்த்துத்தான் 2019-ல் கட்டாயப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தார்கள். 2020 அக்டோபர் முதல், எத்தனை டிகிரியில் வண்டி இரண்டு சக்கரத்தில் எழும்பும் என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுத்தான் விற்க வேண்டும். 2021 அக்டோபர் முதல் பண்ணை வகை குவாட் ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சுமார் 28.8 டிகிரி வரையாவது தாங்க வேண்டும். கவிழ்ந்தாலும் ஆளுக்கும் தரைக்கும் இடையே இடம் விடுகிற பாதுகாப்பு வளைவும் பொருத்தியிருக்க வேண்டும். இதை ஏற்காமல் ஹோண்டா, யமஹா கம்பெனிகள் அங்கே பண்ணை வகை விற்பனையையே நிறுத்திக்கொண்டன. வாசகருக்கு இதில் முக்கியமானது வேறொன்று. அந்த இரண்டாம் கட்ட விதி ஸ்போர்ட் வகைக்குப் பொருந்தாது. அந்த வளைவைத் தாங்க ஸ்போர்ட் குவாட்டின் பின்பக்கச் சட்டம் செய்யப்படவில்லை. ஓட்டுபவர் சீட்டில் பின்னே நகர்ந்து ஓட்ட வேண்டிய வண்டியில் வளைவு முதுகில் இடிக்கும். உள்ளூர் பட்டறையில் ஒன்றரை இஞ்ச் பைப்பை வளைத்து அடித்துக்கொடுத்தால் அது பார்க்கப் பாதுகாப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

வேறு சில மாற்றங்களையும் பட்டறைகளில் செய்து தருகிறார்கள். கட்டைவிரல் லீவரை எடுத்துவிட்டு மோட்டார் பைக் மாதிரி முறுக்குகிற ஆக்ஸிலரேட்டர் போடுவது அதில் ஒன்று. குழியில் விழுந்து எழும்பும்போது உடம்பு பின்னே சரியும், பிடித்த கை தன்னையறியாமல் இன்னும் முறுக்கும், வண்டி இன்னும் பாயும். கட்டைவிரல் லீவர் வைத்ததற்குக் காரணம் அதுதான். பெரிய டயர் போட்டு உயரம் ஏற்றுவதும், சின்ன டிரெய்லர் இழுக்க சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில் கொக்கி அடிப்பதும் கவிழ்ப்பதற்கான வழிகளே. ஆக்சிலுக்கு மேலே இருந்து இழுத்தால் முன்சக்கரம் தூக்கும் என்பது டிராக்டர் ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த பாடம். சைலன்சரைக் குடைந்து சத்தம் கூட்டுவது இளைஞர்களின் ஆசை. பல மாடல்களில் சைலன்சர் முனைக்குள் தீப்பொறி தடுக்கும் வலை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் காய்ந்த மட்டையும் பன்னாடையும் கிடக்கிற தோப்பில் ஓட்டினால் என்ன ஆகும் என்று பக்கத்துத் தோப்புக்காரர் வந்து சொல்வார்.

மாற்றமே கூடாது என்றில்லை. செய்ய வேண்டியவையும் உண்டு. கட்டைவிரல் லீவரின் பெட்டியில் பெரும்பாலான மாடல்களில் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும். அதை உள்ளே முறுக்கினால் ஆக்ஸிலரேட்டர் பாதிக்கு மேல் போகாது. காசு செலவில்லாத இந்த வேலையை முதல் நாளே செய்யலாம். அடுத்து, மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றுச் சுவிட்ச். ஆள் விழுந்ததும் கயிறு பிடுங்கி இன்ஜின் நின்றுவிடும். வண்டியோடு வராவிட்டால் வாங்கிப் பொருத்தி, ஒருமுறை இழுத்துச் சோதித்துவிட வேண்டும்.

கால்மிதிக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வலை கட்டிய கம்பித் தடுப்பு கட்டாயம் வேண்டும். டூவீலரில் பழகியவர்களுக்கு வண்டி சாய்ந்தால் காலை ஊன்றுவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். குவாட்டில் காலை ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறி ஆளையும் இழுத்துக் கீழே போடும். வாசகரின் மகனைப் போல நகரத்தில் பைக் ஓட்டிப் பழகியவர்கள் முதல் ஒரு வாரம் இந்த ஒன்றை மறப்பதற்காகவே பழக வேண்டும்.

தென்னைத் தோப்புக்கென்று இரண்டு சேர்க்கலாம். பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்கும் தரையிலிருந்து கையளவு உயரத்தில்தான் சுழலும். மட்டைக் காம்பு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, சொட்டுநீர்க் குழாய் மூன்றும் அதில் சிக்கும். அதற்கு அடியில் அலுமினியக் காப்புத் தகடு போடுவது நல்லது. மற்றது முன் ஸ்ப்ராக்கெட். பந்தய வண்டியின் முதல் கியரே வேகமானது. ஆள் நடக்கிற வேகத்தில் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு போனால் கிளச்சைப் பாதி பிடித்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும், கிளச் கருகும். முன்னால் 13 பல் இருந்தால் 12 பல் போட்டால் எல்லாக் கியரிலும் வேகம் சுமார் 8 சதவீதம் குறையும். இதிலும் ஒரு குறை உண்டு: இழுவை கூடுவதால் முன்சக்கரம் இன்னும் சுலபமாக எழும்பும். ஆக்ஸிலரேட்டர் ஸ்க்ரூவை முறுக்கிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

அகலத்தைக் கூட்டினால் வண்டி நிலையாக நிற்கும் என்பது உண்மை. அதற்கு அகலமான சஸ்பென்ஷன் கைகளும் நீள ஆக்சிலும் அந்த மாடலுக்கென்றே கிடைக்க வேண்டும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் லேத்தில் கடைந்த ஸ்பேசர் வைப்பது மலிவு. ஆனால் பேரிங்கின் மேலும் போல்ட்டின் மேலும் நெம்புகோல் பலம் கூடும். விலை குறைந்த வண்டிகளில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது.

ஹெல்மெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். குவாட் கவிழாவிட்டாலும் தோப்பில் மேலேயிருந்து தேங்காய் விழும்.

சரி, மருந்தடிப்பது எப்படி? பவர் டில்லருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி டேங்கை வைத்தால் பாரம் தாழ்வாகவும் தனியாகவும் இருக்கும். மினி டிராக்டரில் பொருத்துகிற ஸ்பிரேயரும் இருக்கிறது. சொந்தமாக வாங்க வசதியில்லாவிட்டால் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களைக் கேட்டுப் பார்க்கலாம். வாசகருக்கு உண்மையிலேயே வேலைக்கு வண்டி வேண்டுமென்றால், புதுசாக இருக்கும்போதே இதைக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் வேறு பார்ப்பதுதான் லாபம். மகனின் ஆசைக்காக வைத்துக்கொள்வதென்றால் ஒரே ஆள் ஏறி, கையில் ஒரு அரிவாளும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் கொண்டு, வாய்க்கால் கரையை விட்டு உள்ளே தோப்பைச் சுற்றிவரப் பயன்படும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சுருக்கம்தான். பதிவு எண் இல்லாத மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பஞ்சாயத்து ரோடும் பொது இடம்தான். ஸ்போர்ட் குவாட்டை இங்கே ரோட்டுக்குப் பதிவு செய்ய வழியில்லை. பதிவு இல்லையென்றால் மூன்றாம் நபர் காப்பீடும் இல்லை. களத்துக்குப் போகும் வழியில் ஒரு சைக்கிள்காரர் மேல் இடித்தால் இழப்பீடு முழுவதும் வாசகர் கையிலிருந்துதான் போகும். கெட்டியான தார் ரோட்டில் டிஃபரன்ஷியல் இல்லாத ஆக்சிலும் பஞ்சு டயரும் சரியாகத் திரும்பவும் மாட்டா. களம் வரை கொண்டுபோக வேண்டுமென்றால் டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவரும் இதே சமயத்தில் எழுதியிருக்கிறார். அவர் இன்னும் வாங்கவில்லை. பழைய குவாட் ஒன்று விலைக்கு வருகிறது, பச்சைத் தேயிலை மூட்டை இறக்க ஆகுமா என்கிறார். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பின் ஆக்சில் செயினில் ஓடுகிறதா, ஷாஃப்ட்டில் ஓடுகிறதா, லோ கியர் உண்டா, இழுவைக் கொக்கி கம்பெனி போட்டதா, பட்டறையில் அடித்ததா என்பவை. செயின் ஓடி, லோ கியர் இல்லாமல், ரேக் மட்டும் புதிதாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தால் அது ஸ்போர்ட் வண்டிக்கு வேஷம் போட்டது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம். உண்மையான பண்ணை வகையாக இருந்தாலும் முன் ரேக், பின் ரேக் ஒவ்வொன்றும் எத்தனை கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கரில் தனித்தனியாக எழுதியிருக்கும். அந்த எண்ணுக்குள் மூட்டையைப் பிரித்து வைக்க வேண்டும். நீலகிரிச் சரிவில் செடி வரிசைக்குள் குறுக்கே இறக்காமல், போட்ட பாதையிலேயே ஓட்ட வேண்டும். மூட்டையோடு ஆளும் ஏற வேண்டிய தேவை இருந்தால், பக்கத்துப் பக்கத்தில் சீட்டும் பெல்ட்டும் தலைக்கு மேல் இரும்புக் கூண்டும் உள்ள வண்டி வகையைத்தான் பார்க்க வேண்டும். ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால் வாங்குமுன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. போலாரிஸ் கம்பெனி ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை டிராக்டர் வகையில் சான்று பெற்று இங்கே விற்றிருக்கிறது. மற்றபடி ‘எல்லாம் பண்ணிக்கலாம் சார்’ என்று சொல்கிற புரோக்கரிடம் ஆர்.சி. புத்தகம் இருக்காது.